தோசை என்றொரு பூனைக்குட்டி

பூனை குட்டி போட்டால் ஏழு இடம் மாற்றும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். ஏழா மூன்றா என்பது அந்தப் பூனைக்குத்தான் வெளிச்சம். ஆனால் மாற்றுவது உண்மை. பரணிலிருந்து மாடிப்படிக்கு அடியில், அங்கிருந்து பக்கத்து வீட்டு மோட்டார் ரூமுக்கு என்று ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு போகும். சில சமயம் ஒரே ஒரு குட்டியை மட்டும் விட்டுவிட்டுப் போய்விடும். "பாவம், ஒண்ணை மறந்துட்டுப் போயிடுச்சு" என்று பார்ப்பவர்கள் சொல்வார்கள். பல நேரங்களில் அது மறதி இல்லை. உடம்பு சில்லிட்டுப் போன, பால் குடிக்கத் தெம்பில்லாத குட்டியைத் தாய்ப்பூனை ஒதுக்கிவிடுவது உண்டு.

குட்டி ஏன் தெம்பில்லாமல் போகிறது? காரணங்கள் பல. தொற்று, குளிர், தாய்க்குப் பால் பற்றாமை என்று பட்டியல் நீளும். அதில் அதிகம் பேர் கேள்விப்படாத ஒன்று, குட்டியின் நெஞ்சுக்கூடே கோணிப் போவது. பூனை வளர்ப்பவர்களில்கூட நிறைய பேர் இதைக் கவனிப்பதில்லை. குட்டி செத்த பிறகு "சவலைக் குட்டி, தங்கலை" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறார்கள்.

தோணியும் தெப்பமும்

பூனையின் நெஞ்சுக்கூடு மனிதனுடையது போல அகலமானது அல்ல. 13 ஜோடி விலா எலும்புகள் முதுகெலும்பிலிருந்து வளைந்து இறங்கி, கீழே நெஞ்செலும்பை நோக்கிக் குவிகின்றன. தோணியின் அடிப்பகுதியை நினைத்துக்கொள்ளுங்கள், பக்கவாட்டில் ஒடுங்கி, கீழ்நோக்கி ஆழமாக. அந்த ஆழத்தில்தான் நுரையீரலும் இதயமும் இருக்கின்றன.

சில குட்டிகளுக்கு இந்தத் தோணி தெப்பமாகிவிடுகிறது. அடிப்பக்கம் தட்டையாகி, விலாக்கள் பக்கவாட்டில் துருத்திக்கொள்கின்றன. எலும்பும் குருத்தெலும்பும் சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் ஒரு விளிம்பு விரலில் தட்டுப்படும். இதைத் தட்டை மார்பு என்கிறார்கள். விசித்திரம் என்னவென்றால், பிறக்கும்போது பெரும்பாலும் இது தெரியாது. குட்டி நன்றாகத்தான் இருக்கும். மூன்றாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் எப்போதோ நெஞ்சு தட்டையாகிவிடும். நேற்றுவரை உருண்டையாக இருந்த குட்டி இன்று காலையில் தரையோடு தரையாகக் கிடக்கும்.

இதற்கு ஒன்றுவிட்ட சகோதரன் மாதிரி இன்னொரு குறை உண்டு. அதில் நெஞ்செலும்பு உள்பக்கமாகக் குழிந்து முதுகெலும்பை நோக்கிப் போய்விடும். மருத்துவப் பெயர் பெக்டஸ் எக்ஸ்கவேட்டம். சில குட்டிகளுக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். மனிதர்களிலும் குழிந்த மார்பு இருக்கிறது. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு அதிகம். அமெரிக்க மருத்துவர் டொனால்ட் நஸ், நெஞ்சுக்குள் ஒரு உலோகப் பட்டையை வளைத்துச் செருகிக் குழியை வெளியே தள்ளும் அறுவை சிகிச்சையை 1998-ல் வெளியிட்டார். குட்டிப் பூனைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. காரணம் கீழே வருகிறது.

ஏன் வருகிறது என்ற கேள்விக்கு ஒற்றை விடை இல்லை. உதரவிதானம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நெஞ்செலும்பை உள்ளே இழுக்கிறது என்பது ஒரு கருத்து. விலாக்களுக்கு நடுவே உள்ள தசைகள் இழுத்துப் பிடிக்கின்றன என்பது இன்னொன்று. மேல் சுவாசப் பாதையில் அடைப்பிருந்து, குட்டி பலமாக மூச்சை இழுக்கும்போது மெல்லிய விலாக்கள் அப்படியே உள்ளே வந்துவிடுகின்றன என்பது மூன்றாவது. பரம்பரைக்கும் இதில் பங்கு இருப்பதாகத் தெரிகிறது. பர்மீஸ் இனப் பூனைகளில் இது அதிகம் பேசப்பட்டது. அந்த இனத்தின் கதையைப் பார்த்தால் ஆச்சரியமில்லை. 1930-ல் பர்மாவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு ஜோசப் தாம்சன் என்ற மருத்துவரிடம் வந்து சேர்ந்த 'வாங் மாவ்' என்ற ஒரே பெண் பூனையை வைத்துத்தான் அமெரிக்காவில் அந்த இனத்தையே உருவாக்கினார்கள். சொந்தத்துக்குள்ளேயே கலந்து கலந்து வளர்த்தால் நல்லதும் சேரும், குறையும் சேரும். பிற்பாடு பெங்கால் இனத்திலும் நெஞ்சுக்கூட்டுக் குறைகள் கூடுதலாக இருப்பதை 2012-ல் ஒரு ஆய்வு காட்டியது. அதற்காக "இது பணக்காரப் பூனை வியாதி" என்று நினைத்துவிடக் கூடாது. தெருப்பூனைக்கும் வரும். தெருவில் யாரும் நெஞ்சைத் தடவிப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

மேற்கு மாம்பலத்தில் ஒரு பரண்

சென்னை மேற்கு மாம்பலத்தில் ஒரு வாடகை வீடு. அம்மா, பாட்டி, பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கும் பெண், ஒன்பதாவது படிக்கும் தம்பி. மார்கழிக் குளிரில் தெருப்பூனை ஒன்று பரணில் ஏறி, பழைய பேப்பர் கட்டுக்குப் பின்னால் நாலு குட்டி போட்டது. நல்ல வேளையாக அது இடம் மாற்றவில்லை. பாட்டி தினமும் தயிர் சாதமும் கருவாடும் வைத்ததுதான் காரணமாக இருக்கும் :-)

ஐந்தாம் நாள் பேப்பர் எடுக்க ஏறிய தம்பிதான் முதலில் பார்த்தான். மூன்று குட்டிகள் தாயின் வயிற்றில் ஒட்டிக்கொண்டிருந்தன. நாலாவது தள்ளிக் கிடந்தது. கையையும் காலையும் நீச்சல் அடிக்கிற மாதிரி பரப்பிக்கொண்டு.

"அக்கா, இது தோசை மாதிரி தட்டையா இருக்கு."

அதோடு அதற்குப் பெயர் வைத்தாகிவிட்டது. தோசை என்று ஒன்று வந்த பிறகு மற்றவை இட்லி, வடை, பொங்கல் ஆனதில் அதிசயமில்லை.

பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தார். நாலு பிள்ளை பெற்று, எட்டுப் பேரன் பேத்தி வளர்த்த கை. "நெஞ்சு தட்டையா இருக்கிறது இருக்கட்டும். மூச்சு விடறதைப் பாருடி. விலா உள்ள இழுக்குது. பச்சைக் குழந்தைக்கு இப்படி இழுத்தா ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடுவோம்" என்றார். மருத்துவப் புத்தகம் நாலு பக்கத்தில் சொல்வதைப் பாட்டி நாலு வரியில் சொல்லிவிட்டார். சாதாரணக் குட்டி மூச்சு விடும்போது வயிறும் நெஞ்சும் மெல்ல ஏறி இறங்கும். சிரமப்படும் குட்டிக்கு ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவும் வயிறும் உள்ளே வெட்டி இழுக்கும்.

தராசு சொன்னது

எதிர் வீட்டு அக்கா ஆர்டருக்கு கேக் செய்து கொடுப்பவர். அவரிடம் ஒரு கிராம் வரை துல்லியமாகக் காட்டும் எலக்ட்ரானிக் தராசு இருந்தது. அதை இரவல் வாங்கி, ஒரு ப்ளாஸ்டிக் டப்பாவில் துணி விரித்து, முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, குட்டிகளை ஒவ்வொன்றாக நிறுத்தாள் அந்தப் பெண். கோடு போட்ட நோட்டில் நாலு பத்தி.

ஆறாம் நாள்: இட்லி 172 கிராம், வடை 165, பொங்கல் 169, தோசை 121.

ஏழாம் நாள்: மற்ற மூன்றும் பத்துப் பன்னிரண்டு கிராம் கூடியிருந்தன. தோசை 122.

எட்டாம் நாள்: தோசை 119.

இந்த மூன்று வரிகளில்தான் எல்லாமே இருக்கிறது. பிறந்த பூனைக்குட்டி சுமார் 100 கிராம் இருக்கும். பிறகு நாளுக்குப் பத்து முதல் பதினைந்து கிராம் ஏறி, இரண்டு வாரத்துக்குள் இரண்டு மடங்காகிவிடும். ஒரு நாள் ஏறாமல் நின்றால் கவனிக்க வேண்டும். இறங்கினால் காத்திருக்கக் கூடாது. கண்ணுக்குத் தோசை எட்டாம் நாளும் ஏழாம் நாள் போலத்தான் இருந்தது, கத்தியது, நெளிந்தது. குட்டியின் முகத்தைப் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிடலாம். மூன்று கிராம் குறைந்தது முகத்தில் தெரியாது.

தட்டை மார்புக் குட்டி எடை ஏறாததற்குக் காரணம் எளிது. பால் உறிஞ்சுவதே அந்த வயதில் பெரிய உடற்பயிற்சி. மூச்சுக்கே தெம்பு முழுவதும் செலவாகிவிட்டால் உறிஞ்ச என்ன இருக்கும்? ரெண்டு வாய் குடிக்கும், களைத்து விட்டுவிடும், அதற்குள் கொழுத்த அண்ணன் வந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இப்படிப்பட்ட குட்டிகளுக்கு வயிறு உப்பி, வாயு பிடித்து வலிப்பதும் அடிக்கடி நடக்கும். உப்பிய வயிறு கீழிருந்து நெஞ்சை முட்டினால் மூச்சு இன்னும் சுருங்கும்.

எக்ஸ்ரேயும் ஒரு கணக்கும்

எட்டாம் நாள் சாயங்காலம் செருப்புப் பெட்டியில் பழைய நூல் புடவையைச் சுற்றி, வெந்நீர் பாட்டிலைத் துண்டில் பொதிந்து பக்கத்தில் வைத்து, ஆட்டோ பிடித்து கால்நடை மருத்துவரிடம் போனார்கள். (சென்னையில் இருப்பவர்களுக்கு ஒரு தகவல்: 1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. மருத்துவமனையும் அங்கேயே உண்டு.)

"எத்தனை நாள் குட்டிம்மா?"

"எட்டு நாள் டாக்டர்."

"பால் குடிக்குதா?"

அவள் நோட்டை நீட்டினாள். அவர் அதைப் படித்துவிட்டுத்தான் குட்டியைத் தொட்டார். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் நெஞ்சின் இரண்டு பக்கமும் மெல்ல ஓடின. ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார். நெஞ்செலும்பு உள்ளே போயிருந்தால் இதயம் ஒரு பக்கம் நகர்ந்து, கூடுதல் சத்தம் கேட்கலாம். எல்லா நேரமும் அது இதய நோய் என்று அர்த்தமில்லை. நெஞ்சு சரியானதும் சத்தம் மறைந்துபோவதும் உண்டு. தோசைக்கு அப்படி எதுவும் இல்லை.

பிறகு எக்ஸ்ரே. அதில் ஒரு கணக்கு இருக்கிறது. நெஞ்சின் அகலத்தை, முதுகெலும்புக்கும் நெஞ்செலும்புக்கும் நடுவே உள்ள ஆழத்தால் வகுப்பார்கள். சாதாரணப் பூனைக்கு இது 0.7 முதல் 1.3 வரை. குழிந்த மார்பில் 2 வரை இருந்தால் லேசு, 2 முதல் 3 வரை நடுத்தரம், 3-க்கு மேல் போனால் கடுமை. தோசையின் எண் 2-ஐ ஒட்டி வந்தது. நெஞ்செலும்பு குழியவில்லை, தட்டைதான்.

"பிழைக்குமா டாக்டர்?"

"எடை ஏறினா பிழைக்கும். ஏறலைன்னா கஷ்டம். எலும்பு இப்போ முருங்கைப் பிஞ்சு மாதிரி இருக்கு, எப்படி வேணா வளையும். நாளாக நாளாக இறுகிடும். செய்யறதை இப்போ செய்யணும்."

மேலே சொன்ன காரணம் இதுதான். இந்த வயதில் குட்டியின் விலாவில் பெரும்பகுதி குருத்தெலும்பு. அதனால்தான் அவ்வளவு சுலபமாகக் கோணுகிறது. அதே காரணத்தால் திருத்தவும் முடிகிறது. நெஞ்செலும்பு ஆழமாகக் குழிந்த குட்டிகளுக்கு வெளியிலிருந்து ஒரு வளைந்த ப்ளாஸ்டிக் கவசத்தை அடிநெஞ்சில் வைத்து, நெஞ்செலும்பைச் சுற்றித் தையல் போட்டு அதோடு கட்டி இழுத்துவிடுவார்கள். சில வாரங்கள் அப்படியே இருக்கும். எலும்பு வெளியே இழுக்கப்பட்ட நிலையில் வளர்ந்து இறுகும். பிறகு கவசத்தைக் கழற்றிவிடலாம். ஊசி போகும் இடத்துக்குச் சற்று மேலேதான் இதயமும் நுரையீரலும் என்பதால் இது கை தேர்ந்தவர் வேலை. தட்டை மார்புக்குத் தையல் இல்லாமல் உள்சட்டை மாதிரி ஒன்றைப் பக்கவாட்டில் அணைத்துக் கட்டுவதும் உண்டு. வெளிநாடுகளில் அட்டைக் குழாயிலும் ப்ளாஸ்டிக் பாட்டிலிலும் இதைச் செய்து மாட்டியவர்கள் இருக்கிறார்கள். தானாக வீட்டில் செய்து பார்க்கிற விஷயம் இல்லை இது. கொஞ்சம் இறுகினால் இருக்கிற மூச்சும் போகும், உரசிப் புண்ணாகும், குட்டி வளர வளர இரண்டு மூன்று நாளில் சின்னதாகிவிடும்.

லேசான கேஸ்களில் பல, குட்டி வளரும்போது தானாகவே சரியாகின்றன. தோசைக்கு மருத்துவர் கட்டு வேண்டாம் என்றார். பக்கவாட்டில் படுக்க வைப்பது, இரண்டு விரலால் விலாக்களை இருபுறமும் மெல்ல அணைத்துப் பிடித்து விடுவது, கூடுதல் பால், சூடு. எப்படி, எவ்வளவு அழுத்தம் என்று அவள் விரலையே பிடித்துக் காட்டிக் கொடுத்தார்.

பத்து நாள் ஒப்பந்தம்

வீட்டுக்கு வந்ததும் பிரச்னை ஆரம்பித்தது.

"தாயே ஒதுக்கினதை நாம ஏன்டி இழுத்துப் பிடிக்கணும்? போற உயிரைப் போகாதேன்னு சொல்லி அதைக் கஷ்டப்படுத்தறதும் பாவம்தான்" என்றார் பாட்டி.

"பாட்டி, நீங்கதானே குழந்தையா இருந்தா ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம்னு சொன்னீங்க?"

பாட்டி சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு குட்டி மூச்சுக்குத் திணறிக்கொண்டே பதினைந்து நாள் உயிரோடு இருப்பதில் யாருக்கு லாபம்? பார்ப்பவருக்குத்தான் "முயற்சி செய்தோம்" என்ற திருப்தி. அம்மாவின் கவலை வேறு. எக்ஸ்ரே செலவு, பால் பவுடர் டப்பா விலை, இரண்டு வாரத்தில் செமஸ்டர் பரீட்சை. அம்மா கத்தவில்லை. கணக்குப் போட்டுச் சொன்னார்: "பத்து நாள். எடை ஏறினா பார்க்கலாம். ஏறாம, அது மூச்சுக்குத் தவிச்சா, டாக்டர் என்ன சொல்றாரோ அதைக் கேட்கணும். அப்போ அழுது அடம் பிடிக்கக் கூடாது."

வலியில்லாமல் தூங்க வைத்துவிடுவது என்பதைத்தான் அம்மா அப்படிச் சொன்னார். அது அவளுக்கும் புரிந்தது. சரி என்றாள். குறையுள்ள குட்டியை எடுத்து வளர்ப்பவர் முதல் நாளே பேசிவைத்துக்கொள்ள வேண்டிய பேச்சு இது. ராத்திரி இரண்டு மணிக்குக் குட்டி திணறும்போது யாராலும் நிதானமாக யோசிக்க முடியாது.

என்னென்ன செய்தார்கள்

முதலில் சூடு. பிறந்த முதல் வாரத்தில் குட்டியால் தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ள முடியாது. இருக்கும் இடம் 30 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்க வேண்டும். சென்னையில் மே மாதம் கேட்கவே வேண்டாம். மார்கழி ராத்திரி அப்படியில்லை. சில்லிட்ட குட்டிக்குப் பால் புகட்டவே கூடாது. குளிர்ந்த உடம்பில் குடல் வேலை செய்யாது, பால் உள்ளேயே நிற்கும். முதலில் சூடு, பிறகுதான் பால்.

இரண்டாவது, தாய்ப்பால். தினமும் ஐந்தாறு முறை மற்ற மூன்று தடியர்களையும் ஒரு கூடையில் எடுத்து வைத்துவிட்டு, இருபது நிமிஷம் தோசையை மட்டும் தாயிடம் விட்டாள். போட்டியில்லாமல் குடித்தது. பணம் செலவில்லாத வைத்தியம் இது. பரணில் ஏறி இறங்கும் கால்வலி மட்டும்தான் செலவு.

மூன்றாவது, இடையிடையே புகட்டும் பால். மாட்டுப்பால் இல்லை. பூனைப்பாலில் உள்ள புரதம் மாட்டுப்பாலில் இருப்பதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். மாட்டுப்பால் குட்டிக்கு வயிற்றுப்போக்கையும் கொண்டுவரும். பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பால் பவுடரைக் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தாள். ஒரு வேளைக்கு 100 கிராம் எடைக்கு 4 மி.லி. அளவு. குழந்தையைப் போல மல்லாக்கப் படுக்க வைத்துக் கொடுக்கவே கூடாது. குப்புறப் படுத்தபடி, தலை சற்றே நிமிர்ந்து, தாயிடம் குடிக்கும் அதே நிலையில்தான். மல்லாந்தால் பால் மூச்சுக்குழலுக்குள் போகும். ஏற்கெனவே பாதி நுரையீரலோடு இருக்கும் குட்டிக்கு நிமோனியா வந்தால் அவ்வளவுதான்.

நாலாவது, விலாவை அணைத்துவிடுவது. மத்தியானம் அவள் காலேஜில் இருக்கும்போது அந்த வேலையைப் பாட்டி எடுத்துக்கொண்டார். டிவி சீரியல் ஓடிக்கொண்டிருக்க, மடியில் துண்டு விரித்து, குட்டியை இடப்பக்கம் கொஞ்ச நேரம், வலப்பக்கம் கொஞ்ச நேரம். "போற உயிர்" என்ற பேச்சு அதற்கப்புறம் வரவில்லை. "உரை மருந்து இழைச்சு ஒரு சொட்டு நாக்கில தடவட்டுமா?" என்ற பேச்சுதான் வந்தது. குழந்தைக்கு ஜாதிக்காயும் வசம்பும் இழைத்துக் கொடுத்துப் பழகிய கை சும்மா இருக்குமா? மருத்துவர் பாலைத் தவிர எதுவும் வாய்வழியாகக் கூடாது என்று சொல்லியிருந்ததால் பாட்டி கையைக் கட்டிக்கொண்டார்.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். குட்டி சுடுகிறது, சளி மாதிரி இருக்கிறது என்று பாரசிட்டமால் மாத்திரையை உடைத்துக் கால் பங்கு கொடுப்பவர்கள் உண்டு. பூனையின் கல்லீரலுக்கு அந்த மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் சக்தி இல்லை. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய்விடும். வளர்ந்த பூனையைக் கொல்ல ஒரு மாத்திரை போதும். மூச்சுக்குத் திணறும் குட்டிக்கு அதைக் கொடுப்பது கழுத்தை நெரிப்பதற்குச் சமம்.

பதினோராம் நாள் ராத்திரி

நோட்டில் ஒன்பதாம் நாள் 120, பத்தாம் நாள் 123. லேசாக நிம்மதி வந்த நேரம். பதினோராம் நாள் ராத்திரி பத்தரை மணிக்குத் தோசையின் வயிறு பறை மாதிரி உப்பியிருந்தது. வாயைத் திறந்து மூச்சு விட்டது. பூனை நாயைப் போல வாயைத் திறந்து இளைப்பது சாதாரணம் இல்லை. அதோடு ஈறும் நாக்கும் வெளிறியோ நீலமாகவோ மாறினால் மணி பார்க்கக் கூடாது. தோசையின் நாக்கு நீலமாக இருந்தது.

தம்பி தெருமுனைக்கு ஓடி ஆட்டோ பிடித்தான். வரமாட்டேன் என்று சொல்லுவார் என்று நினைத்த அம்மா முதலில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

ராத்திரி திறந்திருந்த ஒரு சிறு கிளினிக்கில் ஒரு மணி நேரம் ஆக்சிஜன் வைத்தார்கள். வயிற்றை மெல்லத் தடவி, சூடு கொடுத்து, வாயுவும் மலமும் வெளியேறிய பிறகு மூச்சு கொஞ்சம் இறங்கியது. அங்கிருந்த இளம் மருத்துவர் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்த மாதிரி இன்னும் ரெண்டு முறை வந்தா, வேற முடிவு எடுக்கிறதுதான் அதுக்கு நல்லதும்மா" என்றார். அம்மா தலையாட்டினார். திரும்பி வரும் வழியில் யாரும் பேசவில்லை.

மறுநாள் காலையில் எடை 121. இரண்டு கிராம் போயிருந்தது. ஒப்பந்தத்தில் இன்னும் ஆறு நாள் பாக்கி.

ஒரு வேளைப் பாலின் அளவைக் குறைத்து, வேளைகளைக் கூட்டச் சொன்னார் பழைய மருத்துவர். மூன்று மி.லி., இரண்டு மணிக்கொரு தரம். ஒவ்வொரு முறையும் ஏப்பம் வரும்வரை முதுகைத் தட்டிவிட்டுப் பிறகுதான் படுக்கை. ராத்திரி பன்னிரண்டும் இரண்டும் அவள், நாலு மணி அம்மா, ஆறு மணி பாட்டி. கட்டிலுக்குப் பக்கத்தில் காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகம் திறந்தபடியே கிடந்தது.

பதின்மூன்றாம் நாள் 125. பதினாலு, 131. பதினாறு, 146. பத்து நாள் கெடு முடிந்த பதினெட்டாம் நாள் 168. கெடுவைப் பற்றி யாரும் ஞாபகப்படுத்தவில்லை. மூச்சுத் திணறல் மறுபடி ஒரே ஒரு முறை, அதுவும் லேசாக வந்து போனது.

மூன்றாம் வாரக் கடைசியில் அது தடுமாறி எழுந்து நின்றது. தட்டை மார்புக் குட்டிகளுக்கு இது முக்கியமான நாள். எழுந்து நிற்க ஆரம்பித்துவிட்டால் நெஞ்சு முழுநேரமும் தரையில் அழுந்துவது நின்றுவிடும். வழவழப்பான மொசைக் தரையில் கால் வழுக்கிப் பரப்பிக்கொள்ளும் என்பதால் கோணிச் சாக்கு விரித்து வைத்தார்கள். பிடிமானம் கிடைத்தது. ஆறாம் வாரத்தில் தோசை 480 கிராம். இட்லி 690.

சரியான பிறகு

முழுக்கச் சரியாகிவிட்டதா என்றால் இல்லை. வலப்பக்க விலாவில் விரல் வைத்தால் அந்த விளிம்பு இன்னும் தட்டுப்படுகிறது. மற்றவை ஹாலை ஐந்து சுற்று சுற்றினால் தோசை இரண்டு சுற்றில் உட்கார்ந்து, மற்றவை ஓடுவதைத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும். எக்ஸ்ரேயில் நெஞ்சு எட்டாம் நாளைவிட நன்றாக ஆழமாகியிருந்தது. தோணி ஆகவில்லை, தெப்பமாகவும் இல்லை.

இப்படித் தப்பித்த குட்டிக்கு வாழ்நாள் முழுக்க மூன்று விஷயங்களை மறக்கக் கூடாது. ஒன்று, சாதாரணச் சளிகூட அதற்குப் பெரிய வியாதி. தடுப்பூசியைத் தள்ளிப் போடக் கூடாது. இரண்டு, கருத்தடை ஆபரேஷனுக்குக் கொண்டுபோகும்போது நெஞ்சின் கதையை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். மயக்க மருந்து கொடுக்கும்போது மூச்சைக் கூடுதலாகக் கவனிக்க அது உதவும். மூன்று, அந்தக் கருத்தடையைக் கட்டாயம் செய்ய வேண்டும். குறை பரம்பரையாக வந்திருக்கலாம் என்பதால் அந்தக் குட்டியிடமிருந்து இன்னொரு ஈடு வரவேண்டாம். தாய்ப்பூனைக்கும் சேர்த்துச் செய்துவிட்டால் அடுத்த மார்கழியில் பரணில் இன்னொரு தோசைக்கு இடமிருக்காது. அந்த வீட்டில் இரண்டுக்கும் செய்துவிட்டார்கள்.

எல்லாத் தோசையும் பிழைப்பதில்லை. இதே பராமரிப்பைக் கொடுத்தும் இரண்டாம் வாரத்தில் போய்விடும் குட்டிகள் உண்டு. நெஞ்சு மிகவும் ஆழமாகக் குழிந்து, கூடவே இதயக் குறையும் இருந்தால் எந்தத் தராசும் காப்பாற்றாது. அங்கே அம்மா போட்ட கெடுதான் கருணை. ஆனால் காப்பாற்றியிருக்கக் கூடியதையும் "தாயே ஒதுக்கிடுச்சு" என்று கைவிடுவது வேறு விஷயம். இரண்டையும் பிரித்துக் காட்டுவது அந்த முதல் பத்து நாட்களும், ஒரு நோட்டும்தான்.

உங்கள் வீட்டுப் பரணிலோ, ஹாஸ்டல் மாடிப்படிக்கு அடியிலோ குட்டிகள் இருந்தால், தாய் வெளியே போன நேரத்தில் கையைக் கழுவித் துடைத்துச் சூடாக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். முகத்தைப் பார்த்துக் கொஞ்சுவது அப்புறம். முதலில் இரண்டு விரலால் நெஞ்சின் இருபுறமும் தடவுங்கள். பிறகு நிறுத்து, தேதியோடு எழுதி வையுங்கள். நாளைக்கும் அதே நேரத்துக்கு நிறுங்கள்.